கரியும் சாயமும்: கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு மை தெரிதல்

மலைநாட்டுத் தமிழ்க் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் நூல்களிலே எழுதப்படவில்லை. தகரப் பெட்டிகளின் அடியிலே, பழஞ் சேலைகளின் மடிப்புகளுக்கிடையே, சில கறுப்பு வெள்ளைப் படங்களாகவே அது கிடக்கின்றது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் திகதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் உரியர் என வகுத்தது. அண்ணன் நீலகிரியிலும் தம்பி கொட்டகலையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. புறப்படுமுன் ஸ்டூடியோவிலே குடும்பத்தோடு நின்று எடுத்துக்கொண்ட ஒரு படமே, எல்லோரும் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்தமைக்குப் பல வீடுகளில் எஞ்சியுள்ள சான்றாகும்.

கல்லூரி விழாக்களை முன்னிட்டுப் பழைய மாணவர்கள் இத்தகைய குடும்பப் படங்களையும், பழைய உதைபந்தாட்டக் குழு, சாரணர் படை, நாடகக் குழு முதலியவற்றின் படங்களையும் தேடியெடுத்து, கணினியிற் பதிந்து, வீட்டிலேயே படியெடுத்து வழங்குதல் இன்று பெருகியுள்ளது. இங்க்ஜெட் என வழங்கும் மைத்தாரை அச்சுப்பொறி இதற்குப் பெருந்துணை புரிகின்றது. நற்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அறுபது ஆண்டு நிலைத்த மூலப்படத்தின் படியானது ஆறு ஆண்டும் நில்லாது நிறம் மாறுதலைப் பலரும் கண்டிருப்பர். மூலப்படம் தொலைந்த பின்னர்ப் படியும் வெளுத்துப்போமாயின், பேரப்பிள்ளைகளுக்கு எஞ்சுவது வெறுங் கடதாசியே. இக்கேடு பெரும்பாலும் பொறியினால் வருவதன்று, மையினால் வருவது. ஆதலின் மை தெரியும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

கமரன் அம்மையார் காட்டிய வழி

நிலைபெறும் அச்சு எது என்னும் வினா எமது மலைகளுக்குப் புதியதன்று. கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவை வரலாற்றுப் பாடத்திலே படித்தவர்கள் சாள்ஸ் ஹே கமரன் என்னும் பெயரை மறந்திருக்கமாட்டார்கள். அவருடைய மனைவியாராகிய ஜூலியா மார்கரட் கமரன் 1815ஆம் ஆண்டிலே கல்கத்தாவிற் பிறந்து, நாற்பத்தெட்டாவது வயதிலே புகைப்படக் கலையைக் கைக்கொண்டு, உலகப் புகழ் பெற்றவர். 1875ஆம் ஆண்டிலே கணவருடன் இலங்கைக்கு வந்த இவ்வம்மையார், இங்கும் தோட்டத் தொழிலாளரையும் ஊர்மக்களையும் படம்பிடித்தார். அப்படங்களுட் சிலவே இன்று எஞ்சியுள்ளன. 1879ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 26ஆம் திகதி டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெயார்ன் தோட்டத்திலே அவர் காலமானார். பொகவந்தலாவைப் புனித மேரி ஆலயத்தின் முற்றத்திலே கணவருக்கருகில் அவரது கல்லறை உள்ளது.

அக்காலத்துப் படங்கள் பெரும்பாலும் முட்டை வெண்கருப் பூசிய கடதாசியிலே வெள்ளி உப்புக்களைக் கொண்டு அச்சிடப்பட்டவை. அவை நாளடைவில் மஞ்சளித்து, மெல்லிய நிறங்களை இழப்பன. இதனை நன்கறிந்த அம்மையார், இலங்கைக்கு வரும் ஆண்டிலேயே, தாம் தெரிந்தெடுத்த பல படங்களை ஆட்டோடைப் கம்பெனியாரைக் கொண்டு கரியச்சு முறையிலே பதிப்பிக்கச் செய்தார். 1855இலே பிரான்சு நாட்டுப் புவாத்தெவின் தொடங்கிவைக்க, 1864இலே இங்கிலாந்தின் ஜோசப் சுவான் செம்மைப்படுத்திய முறை அது. அதிலே படத்தை உருவாக்குவது வெள்ளியன்று. செலற்றினிற் பிணைந்த கரித்தூளே. நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் அக்கரியச்சுக்கள் தம் கருமை குன்றாது அருங்காட்சியகங்களில் விளங்குகின்றன. ஒரே படத்தின் இரு அச்சுக்களுள் ஒன்று மஞ்சளிக்க மற்றொன்று நிலைபெற்றமைக்குக் காரணம், நிறந்தரும் பொருள் வேறுபட்டமையேயாம்.

எம் முன்னோர் அறிந்த மை

கரியின் உறுதியைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். ஓலையிலே எழுத்தாணியாற் கீறிய எழுத்துக்குத் தனியே நிறமில்லை. விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்துப் பூசித் துடைக்கக் கீறல்களிலே கரி தங்கி எழுத்துத் துலங்கும். கோவையிலைச் சாறும் ஊமத்தையிலைச் சாறும் மஞ்சளும் சேர்ப்பதும் உண்டு. அம்மையார் மறைந்த அதே 1879ஆம் ஆண்டிலே மறைந்த ஆறுமுகநாவலரும், அவர்க்குப் பின் தாமோதரம்பிள்ளை, சாமிநாதையர் முதலியோரும் ஏடுகளைத் தேடி அச்சேற்றியபோது அவர்களை வருத்தியது செல்லும் ஒடிவுமே. ஓலை அழிந்தது, அழியாது நின்ற ஓலையிலே கரி வெளுக்கவில்லை.

இதற்கு மாறாகக் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துச் செய்த எழுதுமை, எழுதிய அன்று கறுத்து, ஆண்டுகள் செல்லப் பழுப்பாகும். பழைய கணக்கேடுகளைப் புரட்டுவோர் இதனை எளிதிற் காணலாம். இரண்டும் கறுப்பு மையே. ஆயினும் ஒன்று கரி, மற்றையது இரசாயனச் சேர்க்கை. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே இன்றைய அச்சுப்பொறியின் மைகளை நோக்குதல் வேண்டும்.

சாய மையும் நிறப்பொருள் மையும்

அச்சுப்பொறிக்குரிய மைகள் இருவகைப்படும். சாய மையிலே நிறந்தரும் பொருள் நீரிற் கரைந்துள்ளது. நிறப்பொருள் மையிலே அது கரையாது, நுண்ணிய துணிக்கைகளாக மிதக்கின்றது. தேநீரிற் கரைந்த சீனியைச் சாயத்துக்கும், குவளையின் அடியிலே தங்கும் தேயிலைத் தூளை நிறப்பொருளுக்கும் உவமை கூறலாம்.

சாய மூலக்கூறு ஏறத்தாழ 1 நனோமீற்றர் அளவினது. நிறப்பொருட் துணிக்கையோ ஏறத்தாழ 100 நனோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு. குறுக்களவில் நூறு மடங்காயின் கனவளவிற் பத்து இலட்சம் மடங்காகும். ஒளியும் வளியும் தாக்கும்போது தனித்து நிற்கும் சாய மூலக்கூறு உடைந்து நிறமிழக்கின்றது. துணிக்கையிலோ வெளிப்புறம் சிதைந்தாலும் உட்புறம் நிறத்தோடு நிற்கின்றது. அத்துணிக்கை கரியே ஆயின், ஒளியும் சாதாரண வளியும் அதனை எளிதில் மாற்றமாட்டா.

இவ்வுண்மையை உலகம் சற்றுத் துன்பத்தோடு கற்றது. 2000ஆம் ஆண்டிலே வெளிவந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 1270 என்னும் பொறியின் சாய மைப் படங்கள், நுண்டுளைக் கடதாசியிலே அச்சிட்டுத் திறந்து வைத்தபோது, சில வீடுகளில் மிகக் குறுகிய காலத்திலேயே செம்மஞ்சளாக மாறின. காற்றிலுள்ள ஓசோன் முதலியன நீலச்சாயத்தை அழித்தமையே காரணமெனக் கண்டனர். அவ்வாண்டிலேயே வந்த 2000பி என்னும் பொறி நிறப்பொருள் மையைக் கொண்டது. அதன் படங்கள் நிலைத்து நின்றன. எனினும் விளக்கொளியிலே நடுநிலையாகத் தோன்றிய சாம்பல் நிறம் பகலொளியிலே பச்சை தட்டிற்று. நிலைத்த மை கிடைத்தும் நேரிய சாம்பல் கிடைக்கவில்லை.

சாம்பலை ஆக்கும் மூன்று வழிகள்

வண்ணப் படத்திலே சிறிது நிறப்பிழை நேர்ந்தால் வண்ணங்களுக்கிடையே அது மறைந்துவிடும். கறுப்பு வெள்ளைப் படத்திலே அதற்கு மறைவிடமில்லை. வெள்ளை வேட்டி கட்டிய பாட்டனாரின் படத்தில் வேட்டி இளஞ்சிவப்பாகத் தோன்றினால் குழந்தையும் கண்டுகொள்ளும். ஆதலின் சாம்பல் நிறத்தைப் பொறி எவ்வாறு ஆக்குகின்றது என்பதே மை தெரிவதில் தலையாய வினாவாகும்.

முதலாவது வழி, நீலம், செந்நீலம், மஞ்சள் ஆகிய மூன்று மைகளையும் கலந்து சாம்பலாக்குதல். நான்கு மைகளே உள்ள எளிய பொறிகள் இதனையே செய்கின்றன. இம்மூன்று மைகளும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. ஒன்று முந்த, மற்றவை பிந்த, சாம்பல் பச்சையாகவோ சிவப்பாகவோ சாய்ந்துவிடும். ஒருவகை விளக்கிற் சரியாகத் தோன்றியது வேறு விளக்கிற் பிழைபடுதலும் இதனாலேயே. ஈண்டு ஒரு நுணுக்கத்தைக் கவனித்தல் வேண்டும். இத்தகைய பொறிகள் பலவற்றில் எழுத்துக்கெனக் கறுப்பு நிறப்பொருள் மை தனியே உண்டு. பளபளப்பான படக்கடதாசி எனக் கட்டளையிட்டால் பெரும்பாலும் பொறி அக்கறுப்பைத் தொடுவதேயில்லை. கறுப்பு மை இருக்கின்றதே என்று நம்பி அச்சிடுவோர் பெறுவது கலவைக் கறுப்பேயாம்.

இரண்டாவது வழி, கறுப்பு மை ஒன்றை மாத்திரம் கொண்டு அச்சிடுதல். நிறச்சாய்வு இதில் மிகக் குறைவு. ஆனால் மெல்லிய சாம்பலை ஆக்க வேண்டுமிடத்துப் பொறி கறும்புள்ளிகளை அருகியே இடுகின்றது. மலையிலே படர்ந்த மூடுபனி இவ்வழியில் மிளகுத்தூள் தூவினாற்போலத் தோன்றும். நுவரெலியாப் படங்களில் பாதி மூடுபனியே ஆகையால், எமக்கு இது பெருங்குறையாகும். முகத்தின் ஒளிபட்ட பகுதிகளும் இவ்வாறே கெடும்.

மூன்றாவது வழி, கறுப்போடு அதனின் மெல்லிய சாம்பல் மைகளையும் சேர்த்தல். மெல்லிய சாம்பல் மையாற் புள்ளிகளை நெருக்கமாக இட இயலும். கண் புள்ளியைக் காணாது, தொடர்ந்த நிறத்தையே காணும். 2005ஆம் ஆண்டிலே எப்சன் நிறுவனத்தார் கே3 என்னும் மைத்தொகுதியில் கறுப்பு, இளங்கறுப்பு, மிக இளங்கறுப்பு என மூன்றைத் தந்தமை இவ்வழியிலே பெரியதோர் படியாகும். அதற்கு முன்பே அமெரிக்காவின் ஜோன் கோன் என்பார், வண்ண மைகளையெல்லாம் நீக்கி, பொறியின் எல்லாக் கலங்களிலும் கரியின் வெவ்வேறு சாயைகளை நிரப்பும் பியெசோகிராபி முறையை வகுத்தார். போல் ரோர்க் என்பார், கரிமையை நிறமற்ற அடித்திரவத்தோடு அளவாகக் கலந்து அவ்வகைச் சாம்பல்களை வீட்டிலேயே ஆக்கும் விகிதங்களை யாவர்க்கும் வெளியிட்டார்.

தூய கரியானது நெருங்கிய இடத்திற் கருமையாகத் தோன்றினும், மெல்லிதாகப் பரவுமிடத்துச் சிறிது கபிலநிறம் காட்டும். அதனை நடுநிலையாக்க நீலநிறப்பொருளைச் சிறிது சேர்ப்பர். அச்சேர்க்கை கரியிலும் முந்தி வெளுக்குமாதலால் காலப்போக்கிலே படம் மீண்டும் கபிலத்தை நோக்கும். பழைய குடும்பப் படங்களுக்கு இளங்கபிலம் இயல்பாகவே பொருந்துதலின், நீலஞ் சேராத கரியையே விரும்புதல் தகும் என்பது எமது கருத்து.

கடதாசியின் பங்கு

மை எத்துணைச் சிறந்ததாயினும் கடதாசியோடு பொருந்தாவிடிற் பயனில்லை. நிறப்பொருள் மையிலே கறுப்பு இருவகையாகக் கிடைக்கின்றது: மங்கற் கடதாசிக்குரிய கறுப்பு ஒன்று, பளபளப்புக் கடதாசிக்குரிய கறுப்பு மற்றொன்று. முன்னையதைப் பளபளப்புக் கடதாசியில் இட்டால் அது மேலே தங்கி, விரல்பட அழியும். பின்னையதை மங்கற் கடதாசியில் இட்டால் கருமை சாம்பலாய்ச் சோரும்.

நல்ல மங்கற் கடதாசியில் மிகுந்த கருமையின் அடர்த்தி ஏறத்தாழ 1.6, நல்ல பளபளப்புக் கடதாசியில் ஏறத்தாழ 2.3. இவ்வெண்கள் மடக்கை அளவின. முன்னையது பட்ட ஒளியில் நாற்பதில் ஒரு பங்கையும், பின்னையது இருநூறில் ஒரு பங்கையும் திருப்பியனுப்பும். காட்சிக்குப் பின்னையதே கவர்ச்சியுடையது. ஆயினும் நிறப்பொருள் மைப்படம் பளபளப்புக் கடதாசியிலே பக்கவொளியில் வெண்கல மினுக்குக் காட்டுவதும் உண்டு. மங்கற் கடதாசியில் அக்குறை இல்லை.

பருத்திநாராற் செய்த, அமிலமற்ற கடதாசியே நெடுங்காலச் சேமிப்புக்கு உகந்தது. மிக வெண்மையாகத் தோன்றுங் கடதாசிகள் பலவற்றில் ஒளிர்வூட்டும் இரசாயனம் சேர்க்கப்பட்டுள்ளது. கழியூதாக் கதிரை வாங்கி நீலவொளியாக வெளிவிடுதலே அதன் தொழில். அது சிலகாலத்தில் ஓய்ந்துவிடக் கடதாசி மஞ்சளித்தாற்போலத் தோன்றும். மை நின்றும் படம் மாறியதாகக் கருதப்படுவதற்கு இஃதொரு காரணமாகும்.

மலைநாட்டின் ஈரமும் புகையும்

அச்சுப்படங்களின் ஆயுளைச் சோதிப்பதிற் பேர்பெற்ற ஹென்றி வில்ஹெல்மின் ஆய்வகம், நாளொன்றுக்கு 12 மணிநேரம் 450 லக்ஸ் ஒளி, 24 பாகை செல்சியஸ் வெப்பம், 60 சதவீத ஈரப்பதன் என்னும் நிலைமைகளைக் கொண்டு ஆண்டுக்கணக்கை வகுக்கின்றது. மைப் பெட்டியின் மேலே நூறாண்டு, இருநூறாண்டு என அச்சிட்டிருப்பதைக் கண்டால், எந்த நிலைமையில் என்று கேட்டல் அறிவுடைமை.

எமது நிலைமை வேறு. நுவரெலியா கடல்மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர் உயரத்திலுள்ளது; ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகையே. ஹட்டன் 1,271 மீற்றர் உயரத்தது. குளிர் படங்களுக்கு நன்மை செய்வது. இரசாயன மாற்றங்கள் யாவும் குளிரிலே மந்தமாகும். தீமை ஈரத்தினால் வருகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று வீசுங் காலத்திலே ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பகுதிகளில் நாட்கணக்காக மழையும் மூடுபனியும் விடுவதில்லை. உலர்ந்த துணியும் நனைந்தாற்போலாகும். நீரிற் கரையும் இயல்புடைய சாயம் இவ்வீரத்திலே கடதாசிக்குள் மெல்லப் பரவிக் கோடுகளின் கூர்மையைக் கெடுக்கும். கரையாத நிறப்பொருள் நின்ற இடத்திலேயே நிற்கும். பூஞ்சணம் இருவகைப் படங்களையும் பற்றும்.

அடுத்தது புகை. லயக் காம்பராக்களிலே விறகடுப்பின் புகை கூரையடியிற் சூழ்ந்து நிற்பதை நாம் அறிவோம். பெரியோரின் படங்களைச் சுவாமி படங்களோடு வைத்து விளக்கேற்றிச் சாம்பிராணியும் கற்பூரமும் காட்டுதல் வழக்கம். வழக்கத்தை விடவேண்டுவதில்லை, படத்தைக் கண்ணாடிச் சட்டத்துள் அடைத்து, பின்புறத்தை நன்கு மூடி, கண்ணாடி படத்திலே தொடாதவாறு அட்டை இடைவெளி விட்டு அமைத்தால் போதும். பொட்டுச் சந்தனம் கண்ணாடியின்மேற் படட்டும், படத்தின்மேற் படலாகாது. அடுப்பங்கரைச் சுவரையும், மழைச்சாரல் படும் வெளிச்சுவரையும் தவிர்த்து உட்சுவரிலே தொங்கவிடுதல் நன்று.

தெரிவு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்தால், மை தெரிவது படத்தின் நோக்கத்தைப் பொறுத்தது என்பது விளங்கும்.

விழாக் காட்சியிலே சில வாரம் வைத்து எடுத்துவிடும் படங்களுக்குச் சாய மை போதும். செலவு குறைவு, கருமையும் பொலிவும் மிகுதி. இதற்கு விலையுயர்ந்த மை தேடுதல் வீண்.

வீட்டுச் சுவரிலே சில ஆண்டு வைக்கும் படங்களுக்குச் சாம்பல் மையொன்றையேனும் தனியே உடைய பொறியை நாடுக. மைத்தொட்டி வகையிலேயே எப்சன் எல்8180, கனொன் ஜி570 போன்றன சாம்பல் மையுடன் வந்துள்ளன. இவற்றின் வண்ணமும் சாம்பலும் சாய மைகளே. ஆதலின் கண்ணாடிச் சட்டம் இன்றியமையாதது. கணினியிலுள்ள பதிவைக் காத்துவைத்தால் வெளுத்தபோது மறுபடியும் அச்சிடலாம்.

மூலப்படம் அழியும் நிலையிலிருக்க, அதன் இடத்தையே நிரப்ப வேண்டிய படிக்கு நிறப்பொருள் மையே வேண்டும். அதிலும் மூன்று கறுப்புள்ள தொகுதியோ, முற்றும் கரிமைத் தொகுதியோ சிறந்தது. இதற்கு இடர்களும் உண்டு. நிறப்பொருள் கலத்தினடியிற் படியும். நெடுநாள் ஓய்ந்திருந்தால் பொறியின் நுண்டுளைகள் அடைபடும். வாரத்துக்கொருமுறையேனும் சோதனைத் தாள் ஒன்றை அச்சிடுதல் வேண்டும். முழுக் கரிமையை நிரப்பிய பொறி வண்ணப் படத்துக்குப் பின்னர் உதவாது. அதனை இயக்கத் தனி மென்பொருளும் வேண்டும். ரோய் ஹரிங்ரன் ஆக்கிய குவாட்டோன் ரிப் இதற்குப் பெயர்பெற்றது.

எவ்வகையாயினும், இன்ன பொருளென்று குறிப்பிடாத மலிவான நிரப்பு மைகளைச் சேமிப்புப் படங்களுக்குத் தவிர்த்துவிடுக. ஆண்டுக்குப் பத்துப் படம் அச்சிடுவோர் பொறி வாங்கவும் வேண்டாம். நகரத்துக் கடையிற் கொடுத்து, இது சாயமா நிறப்பொருளா என்று ஒரு வினா வினவினாற் போதும். விடை சொல்லத் தெரிந்த கடை நம்பத்தக்கது.

நிறப்பொருட் பொறியின் விலை தோட்டத் தொழிலாளர் குடும்பமொன்றுக்கு எட்டாதது. ஆயின் ஒரு கல்லூரிக்கு ஒரு பொறி போதும். பழைய மாணவர் சங்கங்கள் பொருள் திரட்டி அத்தகைய பொறியொன்றைக் கல்லூரியில் நிறுவி, வாரந்தோறும் மாணவர் கையால் இயக்கி, ஊரார் கொணரும் பழம்படங்களைக் கரிமையிலே படியெடுத்துக் கொடுக்குமாயின், பொறியும் அடைபடாது. ஊர் வரலாறும் மறையாது. மாணவரும் ஒரு தொழிலறிவர்.

மாணவர்க்கு ஒரு பரிசோதனை

இக்கட்டுரையிற் கூறியவற்றை மாணவர்கள் தாமே சோதித்தறிதல் நன்று. கறுப்பிலிருந்து வெள்ளைவரை பத்துப் படிகளாகச் சாம்பல் கட்டங்களை வரைந்து, கிடைக்கும் பொறிகள் ஒவ்வொன்றிலும் மும்மூன்று தாள் அச்சிடுக. ஒவ்வொன்றிலும் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடுக. ஒன்றை வெயில்படும் யன்னலிலும், ஒன்றை அடுப்பறையிலும், ஒன்றைப் புத்தகத்துக்குள்ளும் வைக்க. வைத்த திகதியைப் பின்புறத்தே குறிக்க. மே மாதத்தில் வைத்து ஆகஸ்டில் எடுத்தால் ஒரு பருவமழையின் பெரும்பகுதி கழிந்திருக்கும். மூடிய பாதியையும் திறந்த பாதியையும் முதலிற் பகலொளியிலும் பின் மின்விளக்கிலும் ஒப்பிடுக. எந்தக் கட்டம் முந்தி மாறியது, எந்நிறத்துக்குச் சாய்ந்தது, கோடுகள் பரந்தனவா என்பவற்றை அட்டவணையாக்குக. அம்முடிவு எந்த விளம்பரத்தினும் எமது மலைக்குப் பொருத்தமான சான்றாகும்.

இறுதியாக ஒன்று. மையும் கடதாசியும் முகத்தைக் காக்கும், பெயரைக் காக்கமாட்டா. பழம்படங்கள் பலவற்றிலே நிற்பவர் யாரென்று சொல்ல இன்று ஒருவருமில்லை. ஆதலின் படியெடுக்கும்போதே வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, இடமிருந்து வலமாகப் பெயர்களையும், தோட்டத்தையும், ஆண்டையும் படத்தின் பின்புறத்திலே எழுதிவைக்க. குமிழ்முனைப் பேனாவின் மை ஈரத்திற் கசிந்து மறுபுறம் ஊறும். பென்சிலே தக்கது. பென்சிலின் கரு காரீயமன்று, காரீயகமாகிய கரியின் ஒரு வகை. பருத்திக் கடதாசியில் அது நன்கு பதியும். நாம் ஆராய்ந்த மைகள் எல்லாவற்றுள்ளும் விலை குறைந்ததும், எல்லார் வீட்டிலும் உள்ளதும் அதுவே.